இரகசியம் காத்தலும் சத்திய அணுவிரதமும்

கணிப்பொறி நிறுவனங்கள் தாம் உருவாக்கும் மென்பொருளை விற்பனைக்கு விடுமுன் சிலரிடம் கொடுத்துச் சோதிக்கச் செய்கின்றன. கண்டதை வெளியில் உரைப்பதில்லை என்று அவர்கள் உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும். அப்பணியிலுள்ள, எனக்குப் பேரன் முறையாகும் இளைஞன் ஒருவன் என்னை வினவினான்: "பாட்டி, நண்பனிடம் உள்ளதை உள்ளபடிதானே சொன்னேன்? பொய் ஒன்றும் கூறவில்லையே. இதனால் எந்த விரதம் கெடும்?"

களவு என்றே முதலில் விடையிறுக்கத் தோன்றியது. ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்திற்கு உரைத்த ஐந்து அதிசாரங்களைக் காண்க. பொய்யுபதேசம், பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல் ஆகியவற்றோடு, பிறர் மறைவில் செய்வதை வெளிப்படுத்தலாகிய ரஹோப்யாக்யானமும், முகக்குறிப்பால் பிறர் கருத்தை உணர்ந்து வெளியிடுதலாகிய சாகாரமந்திரபேதமும் அங்கே உள்ளன. இவ்விரண்டிலும் சொல்லப்படுவது மெய்யாகவே இருக்கலாம். மெய்யை உரைத்தல் மெய்ம்மைக்கு எங்ஙனம் மாசாகும்? வெளியிடேன் என்று அளித்த சொல் கையொப்பமிட்ட நாளில் பொய்யன்று. வாய் திறந்த நாளில் அது பொய்யாயிற்று என்பதே என் துணிபு.

இறுதியிற் கூறிய அதிசாரம் சொன்னவனைவிடக் கேட்டவனுக்கே மிகப் பொருந்தும். "அவன் வாய் திறக்கவில்லை, சிரிப்பிலேயே அறிந்துகொண்டேன்" என்று பத்துப் பேரிடம் கூறுபவரை நாம் கெட்டிக்காரர் என்கிறோம். தேர்வுக் காலத்தில் வினாத்தாள் அமைத்த ஆசிரியரின் புருவம் எந்தப் பாடத்தைச் சொன்னால் உயர்கிறது என்று நோக்கியிருந்த பெற்றோரை நான் அறிவேன்!

இரகசியம் கோருவோர்க்கும் இவ்வறம் உண்டு. விண்டோஸ் 8 மென்பொருளின் வெளியிடப்படாத பகுதிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2012-இல் பிரான்சு நாட்டவர் ஒருவருக்கு அனுப்பினார். 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவரைக் கண்டறிய அந்நிறுவனம் செய்ததென்ன? தன் மின்னஞ்சல் சேவையில் இருந்த அப்பிரான்சு நாட்டவரின் கடிதங்களைத் தானே திறந்து படித்தது. கண்டனம் எழவே, இனி அவ்வாறு தானே திறவாமல் சட்ட அதிகாரிகளிடம் ஒப்படைப்பதாக 2014 மார்ச்சில் அறிவித்தது.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. சோதிக்கும் மென்பொருள் மருத்துவமனைக் கருவியை இயக்குவதாயின், உயிருக்கு ஊறு செய்யும் பிழையைக் கண்டும் மௌனம் காக்கலாமா? சத்தியத்தையும் அஹிம்சையைக் கொண்டே அளப்பது நம் மரபு. ஆதலின் அங்கு மௌனம் விரதமாகாது. முதலில் செய்தோரிடம் எழுத்தில் உரைக்க வேண்டும். அவர் செவிசாய்க்காவிடில் அதனைக் கேட்கும் அதிகாரமுடையோரிடம் செல்ல வேண்டும். தேநீர்க் கடை நண்பனிடம் உரைப்பது எவ்வகையிலும் இதில் சேராது.

"சொன்னது சொன்னதுதானே, இனி என் செய்வது?" என்றான் இளைஞன். மேலாளரிடம் ஒப்புக்கொள் என்றேன். விடை கூறாமல் எழுந்து சென்றான். மறுவாரம் தொலைபேசியில் அழைத்தான். சொல்லிவிட்டானாம். வேலைக்கு ஊறில்லை; அடுத்த சோதனைக் குழுவில் மட்டும் அவன் பெயர் இல்லையாம்.