ஔடத தானமும் அபய தானமும்

அருகப் பெருமான் திருவடி தொழுது, சிராவக, சிராவகியர் முன் ஒன்றை வைக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். ஞாயிறு மறையுமுன் உண்கின்றோம். ஆயினும் நம் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதை நாம் வினவியதுண்டா?

உடலுக்கு வெளியே உயிரணுக்களை வளர்க்க ஊட்டக் கரைசல் வேண்டும். அதில் பெரும்பாலும் நூற்றில் பத்துப் பங்கு கன்றுக் கருவின் சீரம் சேர்ப்பர். சினைப்பசு அறுக்கப்படும்போது, அதன் வயிற்றுக் கன்றின் இதயத்தில் ஊசி செலுத்தி எடுத்த குருதியை உறையவிட்டுப் பிரிக்கும் தெளிநீரே அது. 1958இல் தியோடர் பக் என்னும் அமெரிக்க அறிஞர் புகுத்திய வழக்கம். பிறவாத ஐம்பொறி உயிர்! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் நாம் எதில் நிற்கின்றோம்?

அறிவியலாரைப் பழித்தல் எளிது, நியாயமன்று. சீரமின்றியும் உயிரணு வளரும் என்று 1976இல் ஹயாஷி, சாட்டோ என்னும் இருவர் காட்டினர். சீரத்துக்கு ஈடாக இன்சுலின் முதலிய இயக்குநீர்களைச் சேர்த்தனர். உயிரணுக்களைக் கொண்டு மருந்து ஆக்கும் ஆலைகள் பல இன்று சீரத்தைக் கைவிட்டுவிட்டன. இரக்கம் மட்டும் காரணமன்று; சீரம் தொகுதிக்குத் தொகுதி மாறுபடும், நோய்க்கிருமியும் கலந்திருக்கலாம்.

பின் ஆய்வுக்கூடங்கள் தயங்குவானேன்? ஒவ்வோர் உயிரணு வகைக்கும் தனித்தனிக் கரைசல் வேண்டும். பழைய கரைசலில் காற்பங்கை நீக்கிப் புதியது சேர்த்து, உயிரணுக்கள் தேறிய பின்பே அடுத்த காற்பங்கை மாற்றுவர். சில தட்டில் ஒட்டாமல் மிதக்கும்; சில மடியும். வாரங்கள் கழியும், பழைய முடிவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க மாதங்களும் ஆகும். குறித்த காலத்துக்கு நல்கை பெற்ற ஆய்வாளர் அம்மாதங்களுக்கு எங்கே போவார்?

இங்கேதான் நம் கடமை தொடங்குகின்றது. உணவு, ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. மருத்துவமனைக்கு வாரி வழங்கும் நம் ஔடத தானம், கன்றுக்குரிய அபய தானத்தோடு மோதலாமா? கரைசலின் விலையையும், மாற்றத்தைச் செய்துபார்க்கும் மாணவர் ஒருவரின் சில மாத உதவித்தொகையையும் நாம் ஏற்றால் இரண்டும் ஒருங்கே நிறைவேறும்.

ஓர் எச்சரிக்கை. ‘சீரமற்றது’ என்னும் பெயர் மட்டும் போதாது. மாட்டுக் குருதியிலிருந்து எடுத்த அல்புமின் அதில் இருக்கக்கூடும். தின்பண்டத்தில் ஜெலட்டின் உண்டா என்று பார்ப்பதுபோல், விலங்குப்பொருள் அறவே அற்றதா என வினவுக. மனிதர் மனமுவந்து அளித்து, காலாவதியான தட்டணுக்களின் சாறும் சில உயிரணுக்களுக்கு உதவுகின்றது.

உயிரியல் பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்களில் உள்ளனர். எவ்வுயிரணுவை வளர்க்கின்றனர், மாற்றுக் கரைசல் உண்டா, என்ன செலவாகும் எனக் கேட்டு, தசலட்சண பர்வத்துக்குள் அந்தந்த ஊர்ச் சங்கத்தில் தெரிவிக்க வேண்டுகின்றோம்.