ஒக்கொங்வோவின் வீழ்ச்சியும் அறப்பொறுப்பும்

சினுவா ஆச்சிபியின் 'சிதைவுகள்' (1958) நாவலில் ஒக்கொங்வோவின் வீழ்ச்சிக்குக் காலனிய ஆட்சியே காரணம் என்பர். எனினும், வெள்ளையர் உமுவோஃபியாவுக்கு வருமுன்பே அவன் பெருந்தவறு இழைத்துவிடுகிறான். தன்னைத் தந்தையென அழைத்த இகெமெஃபுனாவின் கொலையில் பங்குகொள்ள வேண்டாமென முதியவர் எசெயுடு அவனை எச்சரித்திருந்தார். தெய்வவாக்கு விதித்தது சிறுவனின் சாவையே. அது ஒக்கொங்வோவின் கையால் நிகழவேண்டும் என்பதையன்று. கோழை எனப்படுவோமோ என்ற அச்சமே அவனை அரிவாளை ஓங்கச் செய்தது. அக்கொலையால் மனமுடைந்த மகன் நுவோயே பின்னர்க் கிறித்தவத்தில் ஆறுதல் காண்கிறான்.

இதனால் காலனியத்தின் குற்றம் குறைந்துவிடாது. முன்பே இருந்த விரிசலை அது பயன்கொண்டது என்பதே பெறப்படும். அரசுத் தூதுவனை வெட்டியபின் தூக்கிட்டு மாளும் ஒக்கொங்வோவை அவன் குலத்தார் அடக்கம் செய்ய இயலவில்லை; இக்போ மரபில் தற்கொலை நிலத்தெய்வத்திற்கு இழைக்கும் பிழையாகும். மரபைக் காக்க நின்றவனே மரபுக்குப் புறம்பாய் முடிவதில்தான் இந்நாவலின் அவலம் தங்கியுள்ளது.