கை செய்த குற்றம் என்ன?

“கைநாட்டு மகனே!”

வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றொருவன்மீது வீசிய சொல் இது. ஏச்சுக்கு ஆளானவனின் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையொன்றின் தொழிலாளி. முதல்நாள் பள்ளிக்கு வந்தவர், கையெழுத்திடவேண்டிய இடத்தில் பெருவிரலைப் பதித்துச் சென்றார். மறுநாள் பிறந்தது வசை. ஏசியவனைக் கண்டித்தோம். ஆயினும், நெஞ்சில் ஒரு கேள்வி நின்றது. கையெழுத்து என்பதிலும் கை உண்டு. கைநாட்டு என்பதிலும் கை உண்டு. ஒன்று பெருமை, மற்றொன்று இழிவு! இந்த வேற்றுமையை வகுத்தவர் யார்?

கை என்பது பழஞ்சொல். தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் அது கையே, தெலுங்கில் செய்யி. செய்தல் என்னும் வினையோ தெலுங்கில் சேயு, கன்னடத்தில் கெய். கன்னடத்துக் கிவி தமிழில் செவியாக நிற்பதுபோல, கன்னடத்துக் கெய் தமிழில் செய் ஆயிற்று. கையும் செய்கையும் உறவுடைய சொற்கள் என எண்ண இடமுண்டு. செய்வதாலன்றோ கைக்குச் சிறப்பு!

அச்சொல் பெற்ற பொருள்கள்தாம் எத்தனை! யானையின் துதிக்கையும் கை. அதனால் யானை கைம்மா ஆயிற்று. ஒழுக்கமும் கை, களவு, கற்பு எனும் இரண்டையும் கைகோள் என்றது தொல்காப்பியம். நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர்.

பின்னர் வந்தது தாழ்வு. பக்கத்தைக் குறித்த கை, வலங்கை என்றும் இடங்கை என்றும் சாதிகளைப் பிரித்தது. 1652-இலும் 1707-இலும் சென்னைப் பட்டினத்துத் தெருக்களில் இவ்விரு பிரிவினரும் மோதிக்கொண்டனர். ஓருடலின் இரு கைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட விந்தை! அன்றாடக் கூலியைக் குறித்த கைக்கூலி, இலஞ்சத்தின் பெயராயிற்று. துணைவனாயிருந்த கையாள், ஏவலுக்குத் தீங்கு செய்பவன் ஆனான். உழைக்கும் கை தாழ்ந்தது, உழையாத கை உயர்ந்தது என விதித்த வருணமுறை வாழ்ந்த நாட்டில் சொல்லும் சிறுமைப்படாமல் என்செய்யும்?

“ஆணையிடுவது அறிவு, கை வெறும் கருவி” என்பார் உளர். அவர்கள் பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தை அறியட்டும். 1863-இல் இராபர்ட் புரூசு பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர் அது. அங்கு அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். செய்தவர் இன்றைய மனித இனத்தவர் அல்லர். எனினும் கல்லைத் தேர்ந்து, இருபுறமும் செதுக்கி, முனையும் விளிம்பும் அமைத்தனர். எண்ணாத கையால் அது இயலுமா? கல்லைத் தீட்டிய கை, அறிவையும் உடன் தீட்டியது. பொதட்டூர்பேட்டைத் தறியில் இழையெண்ணி நெய்யும் கையும், கொதிக்கும் இரும்பின் நிறம் பார்த்து வேலை செய்யும் கையும் அந்த மரபினவே.

கையைப் போற்றுவதால் எழுத்தறியாமையை நாம் போற்றவில்லை. அந்தத் தந்தைக்கு எழுத்து வேண்டும்; உரிய பருவத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காதது அவர் குற்றமா? எழுதுகோலை அவர் கையில் தராத சமுதாயத்தின் குற்றமன்றோ? குற்றவாளி ஒருவன், வசையை ஏற்பவன் மற்றொருவன், இதுவா நீதி?

ஒன்றை மறைப்பது அறமன்று. ஆசிரியர் அறையில் அதே சொல்லைக் கேட்டு நாமும் சிரித்ததுண்டு. மாணவன் அச்சொல்லைக் கற்ற இடம் எது என்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை!

அடுத்த வாரம் மாணவர்களைப் பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்றோம். கைக்கோடரியைக் காட்டி, “இதைச் செய்தவருக்குக் கையெழுத்திடத் தெரியுமா?” என வினவினோம். ஏசியவன் விடை கூறவில்லை. ஏச்சுக்கு ஆளானவன் மட்டும் தன் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

சொல்லை இழிவாக்கியவர் மனிதர். அதை மீட்க வேண்டியவரும் மனிதரே. அப்பணியை நம் நாவிலிருந்து தொடங்குவோம்.