பெயர் பெற்ற கல்லும் பெயரற்ற குழியும்

"உன் பாட்டனார் பெயர் என்ன?" என்று ஓர் இளைஞனைக் கேட்டால் உடனே விடை வருகிறது. "பூட்டனார் பெயர்?" என்றால் சிறிது தயக்கம். "பூட்டியார் பெயர்?" என்றாலோ, பெரும்பாலும் மௌனமே விடை. நான்கு தலைமுறைக்குள் பாதிக் குடும்பம் மறைந்துவிடுகிறது. மறைந்த பாதி பெண்பாதி! இந்த நிலையில்தான், "ஆண்ட பரம்பரை நாங்கள், அரியணை ஏறிய குலம் எங்கள் குலம்" என்று மார்தட்டும் குரல்களும் நாட்டில் ஒலிக்கின்றன. பூட்டியின் பெயர் அறியாதாருக்குப் பேரரசரின் உறவு மட்டும் எங்ஙனம் தெரிந்தது?

மூதாதையரைத் தேடுவது தவறு என்று நாம் கூற வரவில்லை. தன் குடும்பம் எங்கிருந்து வந்தது, எப்படிப் பிழைத்தது, எதை இழந்தது என்று அறிய விரும்புவது அறிவுடைமையே. ஆனால் அந்தத் தேடலில் இருவகை உண்டு. பெருமைக்காகத் தேடுவோன், தனக்குப் பிடித்த கல்வெட்டு கிடைத்ததும் நின்றுவிடுகிறான். உண்மைக்காகத் தேடுவோன், அந்தக் கல்லுக்கு அப்பாலும் நடக்கிறான். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, அமெரிக்க நாட்டின் ஒரு குடும்ப இடுகாட்டைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில், மாதாகோவில் தொலைவில் இருந்த காலத்தில், பண்ணைக் குடும்பங்கள் தம் நிலத்திலேயே ஒரு மூலையை ஒதுக்கி இறந்தோரைப் புதைத்தன. இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் அந்தக் கற்களைத் தேடிச் செல்கின்றனர். பிறந்த நாள், இறந்த நாள், எவர் பக்கத்தில் எவர் கிடக்கிறார் என்ற ஒழுங்கு, ஒரே வாரத்தில் இறந்த இரு குழந்தைகளின் சிறு கற்கள் — இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, உயில்களோடும் மக்கள் கணக்கெடுப்போடும் ஒப்புநோக்கி, குடும்பத்தின் கதையை மீட்கின்றனர். நல்ல முயற்சிதான். எனினும், கல் சொல்வது கல் நட வசதியுள்ளவனின் கதை அன்றோ!

வர்ஜீனியா மாநிலத்தில் மான்டிசெல்லோ என்னும் குன்று. அங்கே வாழ்ந்தவர் தாமஸ் ஜெபர்சன். மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவர். அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர். தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவரும் அவரே! 1773-இல், இளமை நண்பரும் தங்கையின் கணவருமான டாப்னி கார் இறந்தபோது, அந்தக் குன்றின் சரிவில் அவரைப் புதைத்து இடுகாடு அமைத்தார். 1826 ஜூலை 4 அன்று ஜெபர்சன் மறைந்தார். அவரையும் அங்கேயே புதைத்தனர். தம் கல்லில் பொறிக்க வேண்டியவை எவை என்பதை அவரே எழுதி வைத்திருந்தார்: விடுதலைப் பிரகடனம், மத உரிமைச் சட்டம், வர்ஜீனியாப் பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும். குடியரசுத் தலைவர் பதவியைக்கூட அவர் சேர்க்கவில்லை.

இன்று அங்கே நிற்பது அந்தப் பழைய கல்லும் அன்று. பார்வையாளர்கள் நினைவுப் பொருளாகத் துண்டு துண்டாகச் செதுக்கி எடுத்துப்போக, சிதைந்துபோன மூலக்கல் 1883-இல் மிசௌரிப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றது. அதைவிடப் பெரிய புதிய கல் அவ்விடத்தில் எழுந்தது. கல்லையும் ஐயுற்றே படிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

ஜெபர்சன் இறக்கும்போது பெருங்கடனாளி. கடன் தீர்க்க என்ன செய்தனர்? 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. 130 அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் வெளியாயிற்று. ஜோசப் பாசட் என்னும் கொல்லர், ஜெபர்சனின் உயிலால் விடுதலை அளிக்கப்பட்ட ஐவருள் ஒருவர். அவர் கண் முன்னே அவருடைய மனைவியும் மக்களும் விற்கப்பட்டனர். பின்னர் மாளிகையும் நிலமும் கைமாறின. ஆனால் ஒன்றைமட்டும் குடும்பத்தார் விற்கவில்லை. அது அந்த இடுகாடு! உயிரோடிருந்த மனிதரை ஏலம் கூறினர். இறந்துபோன உறவினரின் மண்ணைக் காத்தனர். மூதாதையர்பால் பக்தி என்பது மனிதர்பால் அன்பாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரும்பு வேலிக்குள்ளே பெயர் பொறித்த கற்கள். அந்தப் பெயர்களுக்குச் சோறு சமைத்தவர், துணி நெய்தவர், ஆணி அடித்தவர், குழந்தை வளர்த்தவர் எங்கே? அதே குன்றில், அந்த வேலிக்கு வெகு தொலைவில், மரங்களுக்கிடையே, எழுத்தில்லாச் சில முரட்டுக் கற்கள் கிடந்தன. 2001-ஆம் ஆண்டு வாக்கில் தொல்லியலார் அங்கே ஆய்ந்தனர். மண்ணின் நிற வேறுபாட்டைக் கொண்டு குழிகளின் வடிவத்தைக் கண்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குவதாகக் கருதப்படுகிறது. எந்தக் குழியில் எவர் என்பது தெரியாது. பக்கத்திலேயே வருவோரின் மோட்டார்கள் நிற்கும் இடம்!

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் குடும்பக் கதையை எப்படித் தேடுவர்? 1850-லும் 1860-லும் அமெரிக்க அரசு எடுத்த கணக்கில், அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளனின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்னும் குறிப்புகள் இருந்தன. பொதுவாகப் பெயர்தான் இல்லை. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அம்மக்கள் எல்லாரையும்போலப் பெயரோடு பதிவாயினர். அந்த ஆண்டுக்குப் பின்னால் செல்ல முயலும் கறுப்பின இளைஞன், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தச் சுவரைத் தாண்ட அவனுக்கு உதவுவது எது? ஆண்டையின் கணக்கேடு! ஜெபர்சன் தம் பண்ணைப் புத்தகத்தில் எவருக்குப் பிள்ளை பிறந்தது, எவருக்குக் கம்பளி கொடுத்தோம், எவருக்கு எத்தனைப் படி மாவு என்று எழுதி வைத்தார். சொத்தின் எண்ணிக்கையாக எழுதிய ஏடு, இன்று மனிதரின் வரலாறாகப் படிக்கப்படுகிறது.

ஏட்டைத் தவிர இன்னொன்றும் உதவியது. அது வாய்மொழி. சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண் மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்தவர். அவருடைய மகன் மாடிசன் ஹெமிங்ஸ், தம் தந்தை ஜெபர்சனே என்று 1873-இல் ஓஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் வெளிப்படையாகக் கூறினார். பண்டிதர்கள் நம்பவில்லை. அடிமையின் சொல் சான்றாகுமா? எசமானரின் பேரப்பிள்ளைகள் மறுத்துவிட்டார்களே, அது போதாதா? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதுவே தீர்ப்பு!

1998-இல் விஞ்ஞானம் சாட்சிக் கூண்டில் ஏறிற்று. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண்வழியில் ஏறக்குறைய மாறாமல் செல்வது ஒய் குரோமோசோம். ஜெபர்சனுக்கு மணவழியில் பிறந்த மகன் எவரும் பிழைத்து வளரவில்லை. ஆகவே அவருடைய பெரியப்பனின் ஆண்வழி வந்தோரையும், சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வந்தவரையும் ஒப்பிட்டனர். பொருந்திற்று! குடும்பத்தார் அதுவரை பழி சுமத்தி வந்த மருமக்களின் வழியோ பொருந்தவில்லை. மரபணு ஒன்றே தந்தை இன்னார் என்று தனித்துக் காட்டாது. ஜெபர்சன் ஆண்வழியில் ஒருவர் என்றே காட்டும். ஆனால் சாலி கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் வீட்டில் இருந்தார் என்பதற்குக் குறிப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, மான்டிசெல்லோவைப் பேணும் அறநிறுவனமே 2000-ஆம் ஆண்டில், எஸ்டனின் தந்தை ஜெபர்சனாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. சாலியின் மற்ற மக்களுக்கும் அவரே தந்தையாக இருந்திருக்கக்கூடும் என்று முடிவு கூறியது. மாடிசன் பொய் சொல்லவில்லை!

பிறகேனும் வேலி திறந்ததா? அந்த இடுகாடு, ஜெபர்சனின் இரு மகள்களின் வழி வந்தோர் 1913-இல் அமைத்த சங்கத்தின் உடைமை. அங்கே புதைக்கப்படும் உரிமை அச்சங்கத்தாருக்கே. ஹெமிங்ஸ் வழியினரைச் சேர்ப்பதில்லை என்று 2002-இல் அவர்கள் முடிவு செய்தனர். வேடிக்கை பாருங்கள்! அவர்கள் மகள் வழியினர். எந்த ஆண்வழிச் சோதனை ஹெமிங்ஸ் குடும்பத்துக்கு வைக்கப்பட்டதோ, அதே சோதனையால் தம் உறவை அவர்களால் மெய்ப்பிக்க இயலாது! கல்லும் காகிதமும் அவர்கள் பக்கம் இருந்தன; அதனால் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. சாலி ஹெமிங்ஸ் 1835-இல் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்பது இன்றுவரை தெரியவில்லை.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. "பாட்டன் செய்த கொடுமைக்குப் பேரன் பொறுப்பாவானா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூறுவோம். குற்றம் இரத்தத்தில் ஓடாது. பிறப்பினால் எவனும் குற்றவாளி அல்லன். ஆனால், ஐயா, குற்றம் ஓடாத இரத்தத்தில் பெருமை மட்டும் எப்படி ஓடும்? பாட்டன் பிடித்த வாளுக்கு மீசை முறுக்குகிறவன், பாட்டன் பிடித்த சாட்டையைப் பற்றிக் கேட்டால், "அது அந்தக் காலம்" என்று ஒதுங்குவது என்ன நியாயம்? ஒன்றை விலக்கினால் மற்றதையும் விலக்க வேண்டும்.

இரத்தத்தில் ஓடாதவை வேறு வழியில் வருகின்றன. நிலம் வருகிறது, வீடு வருகிறது, மதிப்பு வருகிறது, வேலிக்குள் இடம் வருகிறது. "சொத்தை ஏற்றவன் கடனையும் ஏற்க வேண்டும்" என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த நீதி. பேரன் மீது குற்றம் இல்லை; கணக்கைத் திறந்து காட்டும் கடமை உண்டு. அந்த ஏட்டை மறைப்பானாகில், அதுமுதல் குற்றம் பாட்டனுடையதன்று, அவனுடையது.

குலப்பெருமைக்காரருக்கு ஒரு சிறு கணக்கும் சொல்வோம். ஒருவனுக்குப் பெற்றோர் 2 பேர். பாட்டன் பாட்டியர் 4. அடுத்த தலைமுறையில் 8. இப்படியே பத்தாம் தலைமுறைக்குப் போனால் 1024 இடங்கள். உறவுக்குள் மணம் செய்ததால் ஒருவரே இரண்டு இடங்களில் வரலாம். ஆயினும் நூற்றுக்கணக்கானோர் இருப்பர். அவர்களுள் ஒரே ஓர் ஆணைப் பிடித்துக்கொண்டு, "இவரே என் குலமுதல்வர்" என்கிறான்! மற்றவர் எல்லாம் யார்? அவர்களுள் உழுதவன் இல்லையா, அடிபட்டவள் இல்லையா?

அமெரிக்காவைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கம் நமக்கும் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் பழந்தமிழ் எழுத்துகள் உள்ளன; ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு எழுப்பிய கல்லும் அங்கே உண்டு. மாட்டுக்காகப் போரிட்டவனுக்குக் கல் நின்றது. மாட்டை மேய்த்தவனுக்கு? சாணம் அள்ளியவளுக்கு? இன்றும் நிலமுடைய குடும்பம் தன் தோட்டத்து மூலையில் சமாதி கட்டுகிறது. அந்தத் தோட்டத்தில் உழைத்துச் செத்தவனின் குழி அடுத்த மழையில் கரைகிறது. ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே பாதை மறுக்கப்பட்டதால், தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வர்ஜீனியாவின் வேலி இரும்பு. நம் வேலி கண்ணுக்குத் தெரியாதது. வேறுபாடு அவ்வளவே!

"பிணத்துக்கு ஏது உணர்ச்சி? செத்தபின் என்ன சாதி, என்ன கல்? பகுத்தறிவாளனுக்கு இதில் என்ன வேலை?" என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். செத்தவனுக்கு உணர்ச்சி இல்லை என்பது உண்மை. திதியும் தர்ப்பணமும் அவனைச் சேரா என்பதும் உண்மை. ஆகவேதான் இது உயிரோடிருப்போரின் பிரச்சினை. பாதை மறுக்கப்படுவது பிணத்துக்கன்று; அதைத் தூக்கி வருகிற மகனுக்கு. பெயர் மறுக்கப்படுவது புதைந்தவளுக்கன்று. அவளைத் தேடி வருகிற பேத்திக்கு. "உனக்கு வரலாறு இல்லை" என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால், "உனக்கு உரிமை இல்லை" என்று நம்பவைப்பது எளிது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை நீக்கச் சொன்னது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அந்த உரிமை 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. பெயரின் வாலை வெட்டிய இயக்கத்துக்கு இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது: பெயரே இல்லாமல் போனோருக்குப் பெயரைத் தேடித் தருவது.

மான்டிசெல்லோவில் 1993 முதல், அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று, அவர்கள் வீட்டில் வழங்கும் கதைகளைக் கேட்டுப் பதிந்து வருகின்றனர். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். இளைஞர்களே, ஒரு குறிப்பேட்டை எடுங்கள். வீட்டில் மூத்த கிழவியிடம் அமருங்கள். அவள் தாயின் பெயர், அவளுடைய தாயின் பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த வேலை, பட்ட கடன், பெற்று இழந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊர்ப் பதிவேட்டிலும் பத்திரத்திலும் ஒப்புநோக்குங்கள். பொருந்தாததைப் பொருந்தாதது என்றே குறியுங்கள். குடும்பம் மறைக்க விரும்புவதையும் எழுதுங்கள்; நிலம் எவரிடமிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பிறகு ஊர்ச் சுடுகாட்டுக்குச் சென்று, அங்கே எவருக்கு இடமில்லை என்று பாருங்கள். அந்த இடத்தைக் கேட்டுப் போராடுங்கள்.

தேடலின் முடிவில் அரசன் கிடைக்கமாட்டான். வரப்பில் குனிந்து நின்ற ஒருத்தி கிடைப்பாள். அவள் பெயரைச் சொல்ல நாணாதவனே தன் குடும்ப வரலாற்றை அறிந்தவன்.