சீட்டாட்ட நூலும் சிராவக நெறியும்

நூல் கற்பது நற்செயல் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. அன்னம், அபயம், மருந்து ஆகியவற்றோடு சாத்திரத்தையும் சேர்த்து நால்வகைத் தானம் என்று போற்றும் சமயம் நம்முடையது. ஆயினும், எல்லா நூல்களும் கற்கத்தக்கனவா? தீய செயலொன்றைத் திறம்படச் செய்யக் கற்பிக்கும் நூலைக் கற்பது நன்ஞானத்தின்பாற்படுமா? இவ்வினாக்கள் இன்று ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நம் இல்லங்களுக்குள்ளேயே வந்துவிட்டன.

நம் பிள்ளைகளுள் பலர் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். அங்கே உடன் பணிபுரிவோர் வார இறுதிகளில் 'போக்கர்' என்னும் சீட்டாட்டம் ஆடுகின்றனர். "இது சூது அன்று, கணிதமும் மனநூலும் கலந்த திறமை. புலால் இல்லை, மது இல்லை. தொடக்க நிலையினர் எந்த நூலைக் கற்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று ஓர் இளைஞர் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? "சூது பாவம்" என்று ஒரே சொல்லில் வாயடைத்துவிடலாம். ஆனால் வாயடைப்பு விடையாகாது என்பதை ஆசிரியப் பணியில் இருந்தோர் அறிவர். கேட்ட வினாவை அதன் நிலையிலேயே ஏற்று ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தின் இயல்பு. இன்று பெருவழக்காய் உள்ள 'டெக்சஸ் ஹோல்டம்' முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறந்து வைக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பணம் வைக்க வேண்டும். அல்லது விலகிவிட வேண்டும். ஏழு சீட்டுகளுள் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். அல்லது மற்றவரையெல்லாம் அஞ்சி விலகச் செய்தவர், தம் சீட்டைக் காட்டாமலேயே வெல்வார். இவ்விரண்டாம் வழியே இவ்வாட்டத்தின் உயிர்நிலை.

இதற்கெனத் தோன்றிய நூல்கள் பல. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசுக்கு மறைமொழி அவிழ்த்துத் தந்த ஹெர்பர்ட் யார்ட்லி, 1957-இல் ஒரு போக்கர் ஆட்டக்காரரின் கல்வியைப் பற்றி எழுதினார். 1976, 1977 ஆகிய ஈராண்டுகளிலும் உலகப் போட்டியில் வென்ற டாயில் பிரன்சன் 'சூப்பர் சிஸ்டம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். டேவிட் ஸ்க்லான்ஸ்கி இவ்வாட்டத்தின் கோட்பாட்டையே தனி நூலாக்கினார். 2003-இல் கணக்கராகப் பணியாற்றிய கிறிஸ் மணிமேக்கர் என்பவர் இணையவழி நுழைவுப் போட்டியொன்றின் மூலம் உலகப் போட்டிக்கு வந்து, 839 பேரில் முதல்வராகி 25 இலட்சம் டாலர் வென்றார். அதன்பின் தொடக்க நிலை நூல்கள் பெருகின. 2020-இல் மரியா கொன்னிகோவா என்னும் மனநூல் அறிஞர், ஆட்டவிதிகூட அறியாத நிலையிலிருந்து தாம் கற்றுத் தேர்ந்த வரலாற்றை நூலாக்கினார்.

இந்நூல்களில் நன்மையே இல்லை என்று கூறுதல் நடுவுநிலைமை ஆகாது. அவற்றுள் நல்ல கணிதம் உண்டு. 52 சீட்டுகளுள் இரண்டு சீட்டுகள் அமையும் வகை 1,326. அவற்றுள் இரண்டும் 'ஏஸ்' ஆக அமைவன 6. அஃதாவது 221-இல் ஒன்று. இவ்வாறு தெரிவுகளை எண்ணுவதற்குரிய பொது விதியைத் தந்தவர் யார்? இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், 'கணிதசாரசங்கிரகம்' இயற்றிய நம் மகாவீராசாரியாரே! ஆதலின் இக்கணிதம் நமக்கு அயலானதன்று.

இன்னும் ஒன்று. மேசை நடுவே 100 டாலர் குவிந்துள்ளது. தொடர்ந்து ஆட 20 டாலர் வைக்க வேண்டும். இன்னும் ஒரு பொதுச் சீட்டே வரவேண்டும் எனக் கொள்வோம். ஒரே இனத்தில் ஐந்தாவது சீட்டு வந்தால் வெற்றி. கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளுள் அவ்வினத்தன 9. வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வைக்கும் பணமோ 120-இல் 20, அஃதாவது ஆறில் ஒன்று. ஆதலின் தொடரலாம் என்பது கணக்கு. தொடர்ந்து தோற்றாலும் முடிவு தவறன்று. விலகித் தப்பினாலும் அது அறிவன்று. விளைவைக் கொண்டு செயலை எடைபோடாதே என்னும் இப்பாடத்தை நல்ல நூல்கள் யாவும் வற்புறுத்துகின்றன. தோல்வியால் சினங்கொண்டு ஆடுபவன் மேலும் இழப்பான், ஆகவே சினத்தை அடக்கு என்றும் கூறுகின்றன. செயலின் பயனை அன்றிப் பரிணாமத்தை நோக்கு என்றும், குரோதத்தை வெல் என்றும் கேட்டு வளர்ந்த நமக்கு இவை புதியன அல்ல.

அங்ஙனமாயின் தடை யாது? மூன்று இடங்களில் தடை உள்ளது.

முதலாவது, மாயை. வெறுங்கையைப் பெருங்கையாகக் காட்டி மற்றவரை விலகச் செய்வதை 'பிளஃப்' என்பர். ஆட்டத்தில் அது பொய்யாகாது, அனைவரும் உடன்பட்ட விதியே என்பர். நாடக மேடையில் "நானே அரசன்" என்பவன் பொய்யன் அல்லனே என்றும் கேட்பர். நாடகம் காண்போர் அவன் அரசனல்லன் என்பதை அறிந்தே மகிழ்கின்றனர். இங்கோ, எதிரிலிருப்பவர் மெய்யென நம்பினாலொழியப் பயனில்லை. நம்பியவர் பொருள் இழக்கிறார். 1944-இல் ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்ன் இருவரும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல், போக்கரில் இவ்வேமாற்று ஒரு தீயபழக்கம் அன்று, கணக்கின்படி இன்றியமையாதது என்று நிறுவியது. எனவே, வாய்மையாளன் அம்மேசையில் பிழை செய்பவனாகிறான். அப்பிழையைத் திருத்துவதே நூலின் பணியாகிறது. நான்கு கஷாயங்களுள் மூன்றாவதை முறையாகப் பயிற்றும் கல்வி இது.

இரண்டாவது, கள்ளாமை. ஸ்க்லான்ஸ்கி தம் நூலின் அடிப்படையாக வைத்த கருத்து இதுதான்: எதிரியின் சீட்டைக் கண்டிருந்தால் ஆடியிருக்கக்கூடிய முறையினின்று நீ பிறழும்போதெல்லாம் எதிரிக்கு ஆதாயம், எதிரி அவ்வாறு பிறழும்போதெல்லாம் உனக்கு ஆதாயம். ஊதியத்தின் ஊற்று பிறர் பிழையே என்பதை அவர் மறைக்கவில்லை. "அவர் தாமாகவே வைத்த பணந்தானே, கொடாததைக் கொள்வது எங்ஙனம்?" என்பது எதிர்வினா. பொருள் கைமாறுவதற்கு நேரிய வழி இரண்டு. தானமாகக் கொடுப்பவன் மகிழ்ந்து கொடுக்கிறான். விலையாகக் கொடுப்பவன் ஈடுபெற்றுக் கொடுக்கிறான். சூதில் இழப்பவனுக்கு மகிழ்ச்சியும் இல்லை, ஈடும் இல்லை. கை கொடுத்தது, மனம் கொடுக்கவில்லை.

உழவும் ஒரு சூதே, மழை பொய்த்தால் முதல் போகிறது என்று கூறுவாரும் உளர். உழுதுண்டு வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்த நாம் இதற்கு விடையறிவோம். விளைந்தால் ஊர் உண்கிறது. பொய்த்தால் அண்டை வீட்டார் அதனால் ஆதாயம் அடைவதில்லை. போக்கர் மேசையிலோ புதிதாக ஒரு மணியும் விளைவதில்லை. இருக்கும் பணமே கைமாறுகிறது. சூதாட்ட மனைகளில் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால் அதுவும் குறைகிறது.

மூன்றாவது, பணயம். "பணம் வேண்டா, புளியங்கொட்டை வைத்து ஆடுவோம்" என்று தீர்வு கூறலாம். சதுரங்கம், பல்லாங்குழி, தாயம் ஆகியவை பணயமின்றியும் முழுமை பெறும். போக்கரோ அவ்வாறன்று. இழப்பதற்கு ஒன்றுமில்லாவிடில் எவரும் அஞ்சி விலகார், விலகாவிடில் ஏமாற்றுக்கு இடமில்லை, ஆட்டமே பொருளற்றதாகிவிடும். ஆதலின் இங்கே இலோபமும் அச்சமும் ஆட்டத்தின் உறுப்புகளாகவே உள்ளன.

இனி, "திறமை" என்னும் சொல்லை ஆராய்வோம். நீதிமன்றங்களில் நெடுநாள் நடந்த வழக்கு, இது திறமையா, தற்செயலா என்பதே. தமிழ்நாடு அரசு 2022-இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று கூறி, அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, தற்செயல் என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. சட்டத்தின் நோக்கில் திறமை ஒரு விடுதலைச் சான்று. அறத்தின் நோக்கில் அவ்வாறாகுமா?

தற்செயலாட்டத்தில் இருவரும் ஒரே நிலையினர். எவர் வெல்வார் என்பது இருவர்க்கும் தெரியாது. திறமையாட்டத்திலோ, கற்றவன் கல்லாதவனின் பொருளைக் கொள்வான் என்பது கற்றவனுக்கு முன்பே தெரியும். "வலிமையற்ற ஆட்டக்காரர் நிறைந்த மேசையைத் தேர்ந்து அமர்க" என்று நூல்களே அறிவுரை கூறுகின்றன. அவ்வலிமையற்றவர் யார்? கடனில் மூழ்கியவராக இருக்கலாம். நிறுத்த நினைத்தும் நிறுத்த இயலாதவராக இருக்கலாம். அவர் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது மேசையில் தெரியாது. அறியாமல் செய்த தீங்கினும் அறிந்து செய்த தீங்கு பெரிதெனில், திறமை இக்குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

மேற்கூறிய வலிமையற்ற ஆட்டக்காரரை அம்மேசையோர் 'மீன்' என்றே அழைப்பர். வியப்பு என்னவெனில், நம் திருக்குறளும் சூது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மீனைப் பேசுகிறது. ஆனால் அங்கே மீனாவது தோற்றவன் அல்லன், வென்றவன். தூண்டிலின் இரும்பை இரையென்று விழுங்கிய மீனுக்கு அவன் பெற்ற வெற்றி ஒப்பாகக் கூறப்படுகிறது. தோற்பாய், ஆகவே ஆடாதே என்பது உலகியல் அறிவுரை. அதற்கு, "தோற்காமல் ஆடக் கற்றுத் தருகிறேன்" என்று நூலாசிரியன் மறுமொழி கூறிவிடலாம். வென்றாலும் விரும்பாதே என்னும் அறிவுரைக்கு எந்த நூலிலும் மறுமொழி இல்லை.

நம் முன்னோர் நூலைக் கற்பதைப் பற்றியும் சிந்தித்துள்ளனர். பயனின்றி வினை ஈட்டும் செயல்களினின்று விலகும் அனர்த்ததண்ட விரதத்தைச் சமந்தபத்திர ஆசாரியர் ஐவகைப்படுத்தினார். அவற்றுள் 'துச்ருதி' ஒன்று. மனத்தைக் கலங்கச் செய்யும் நூல்களைக் கேட்டலும் கற்றலும் அதில் அடங்கும். பின்வந்த அமிர்தசந்திர ஆசாரியரும் இவ்விரதத்தைக் கூறுமிடத்திலேயே சூதை வைத்து, அதனை மாயையின் உறைவிடமாகக் காட்டினார். ஏழு தீயொழுக்கங்களுள்ளும் சூது முதலில் எண்ணப்படுகிறது. ஏனைய தீமைகளுக்கு அது வாயிலாவதை அவர்கள் கண்டிருந்தனர்.

அவ்வாறாயின் அந்த இளைஞருக்கு நாம் கூறும் விடை இது. கணிதம் வேண்டுமெனில் நிகழ்தகவுக் கணிதத்தையே கற்பீராக. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எங்ஙனம் பிரிப்பது என்பது குறித்து எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே அத்துறை வளர்ந்தது. சூதினின்று தோன்றியதால் அறிவு மாசுபடுவதில்லை. சூதுக்குத் திரும்புவதாலேயே மாசுபடுகிறது. முடிவெடுக்கும் கலை வேண்டுமெனில், ஆட்டத்தை விட்டு வாழ்க்கைக்கு வந்து பேசும் நூல்கள் உள்ளன. போக்கரில் பெயர்பெற்ற ஆனி டியூக் 2018-இல் எழுதிய நூல் அத்தகையது. கொன்னிகோவாவின் நூலையும் ஒருவரது மனப்பயிற்சியின் வரலாறாகப் படிக்கலாம். எந்த மேசையில் அமர்வது, எவரை வீழ்த்துவது என்று கற்பிக்கும் நூலை மட்டும் வாங்க வேண்டா. அதனினும் சிறந்த நூல் எது என்று தேடவும் வேண்டா. அவ்வகை நூல் எவ்வளவு சிறந்ததோ அவ்வளவு தீயது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இவ்வினாவைக் கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்ய நினைப்பவன் இன்னும் நம் அருகில் இருக்கிறான். அவனோடு அமர்ந்து மேற்கண்ட கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு, "நீ வென்ற பணம் எவருடையது?" என்று கேளுங்கள். விடையை அவனே கூறட்டும். நற்காட்சி அங்கே தோன்றுமாயின், நன்ஞானமும் நல்லொழுக்கமும் அதனைத் தொடர்ந்து வரும்.