கடிதம் கேட்காத இடங்கள்

இரவு. மேசையில் ஒரு தாள்.

வரும் வாரம் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று மேலே எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே செலவு. டெம்போவுக்கு. மோருக்கு. தயிர்சாதம் வீட்டிலேயே. பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்தால் ஒரு வீட்டில் சாதம், ஒரு வீட்டில் தொட்டுக்கொள்ள.

மின்விசிறிக் காற்றில் தாள் மெல்ல அசைகிறது.

*

வீட்டில் படிக்கும் பிள்ளைகளைத் தேடிச் சுற்றுலாப் பேருந்து வாசலுக்கு வருவதில்லை.

ஒரு கவுண்ட்டரில் மாணவர் சலுகை கேட்கிறேன்.

“எந்த ஸ்கூல்? லெட்டர் இருக்கா?”

பெரியவன் என் முகத்தைப் பார்க்கிறான். முழுக் கட்டணம் கொடுக்கிறேன். மூச்சு கொஞ்சம் வேகமாகிறது. பிறகு அடங்குகிறது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அப்போது ஓர் அடையாள அட்டை கையில் இருக்கும்.

அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

*

விடிகாலை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் இல்லை.

காந்தி சிலையைச் சுற்றிக் கருங்கல் தூண்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்கள். சின்னவள் ஒரு தூணின் செதுக்கலில் விரலை ஓட்டுகிறாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறாள். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல். பல ஆண்டுகள் இங்கே கொட்டிய பாறைகள் மட்டும்தான். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகத்தின் கல்சுவர் தடுத்துவிட்டது. பிறகு கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தார்கள். மணல் திரும்பி வந்தது.

பெரியவன் ஈரமணலில் ஓர் அம்புக்குறி வரைகிறான். தெற்கிலிருந்து வடக்கு.

அலை வருகிறது. மறுபடி வரைகிறான்.

*

1769, ஜூன் 4.

இதே ஊர். லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் விடியலுக்காகக் காத்திருக்கிறார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போகிறது. 1761லும் கடந்தது. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் அவர் கரையிறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் அளவெடுக்கவும் முடியவில்லை. பிரான்சுக்கே திரும்பாமல், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தக் கடற்பகுதியிலேயே தங்கிவிட்டார்.

அன்று காலை மேகம். கடப்பு முடிந்தபிறகு வெயில்.

“அப்புறம் என்ன பண்ணாரு?”

கடலைப் பார்த்தபடி சின்னவள் கேட்கிறாள். கிழக்கே இன்றும் கொஞ்சம் மேகம்.

அதே மனிதர்தான் ஆற்றங்கரையில் ஊரார் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தவர். அந்த ஆற்றங்கரை அரிக்கமேடு.

*

டெம்போ அரியாங்குப்பத்தில் நிற்கிறது. அங்கிருந்து நடை. காக்காயந்தோப்பு தாண்டி மாமரம், தென்னை.

சீட்டுக் கொடுக்க யாருமில்லை.

பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். உண்மைதான். தொல்லியலாளர் வீலர் 1945இல் தோண்டிய குழிகளை மண் மூடிவிட்டது. நிற்கும் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றினுடையவை. மற்றதெல்லாம் காலுக்குக் கீழே.

உட்காருகிறோம்.

இத்தாலியில் வனைந்த சிவப்புக் கலங்கள் இந்த மண்ணில் கிடைத்தன. மது வந்த இருகைப்பிடிச் சாடிகள் கிடைத்தன. இங்கே கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்தார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்.

அணில் ஒன்று கத்துகிறது. நிறுத்துகிறது.

சின்னவள் குனிகிறாள். ஓர் ஓட்டுத்துண்டு.

“அம்மா, எடுத்துக்கலாமா?”

“வேணாம். பார்த்துட்டு அங்கேயே வை.”

நெடுநேரம் பார்க்கிறாள். உள்பக்கம் கறுப்பு. விளிம்பில் ஒரு வளைவு. முழுப் பானை எவ்வளவு பெரிது என்று அந்த வளைவைத் தொடர்ந்து காற்றில் விரலால் வட்டம் போடுகிறாள். எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைக்கிறாள்.

1937இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே வந்தபோது, பழைய மணிக்கற்களை அவருக்கு விற்றவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். மழைக்குப் பின் மண்மேல் கிடப்பதை அவர்கள்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

ஆறு அசையாமல் இருப்பதுபோல் இருக்கிறது. ஓர் இலை நகர்வதால் ஓடுகிறது என்று தெரிகிறது.

மதியம்வரை வேறெங்கும் போகவில்லை. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். நான்கு இடம் காட்டும் வேனில் காசும் போகிறது, பார்வையும் போகிறது.

*

புனித லூயி வீதி. அருங்காட்சியகம்.

அரிக்கமேட்டுச் சாடி கண்ணாடிக்குப் பின்னால். சின்னவள் விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறாள்.

முதலில் மண், பிறகு கண்ணாடிப் பெட்டி. வரிசை மாறாமல் இருப்பது நல்லது.

*

தாவரவியல் பூங்கா. 1826இல் அமைத்தது.

மரங்களுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. விழுந்த இலைமேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்க்கிறார்கள். நரம்புகள் மேலெழுந்து வருகின்றன.

*

திருவக்கரை. கல்லாகிப்போன மரங்கள். இரண்டு கோடி ஆண்டு.

வண்டிச் செலவு அதிகம். இன்னும் இரண்டு வீட்டார் சேரும்வரை காத்திருக்கலாம். அவை அங்கேயேதான் கிடக்கின்றன.

*

மறுபடி இரவு. தாளில் இன்னும் ஓர் ஊர். பாகூர்.

அங்கே கிடைத்த செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலம். பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு, படிப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஆகும் செலவுக்காக, மூன்று ஊர்களை எழுதிவைத்திருக்கிறார்கள்.

மூன்று ஊர்கள்.

பேனா கொஞ்சநேரம் நிற்கிறது.

படிப்புக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் இருந்திருக்கிறது. அன்று மூன்று ஊர்களின் வருவாய் அதைத் தாங்கியது. இன்று ஒரு வீடு தயிர்சாதம் கட்டுகிறது, இன்னொரு வீடு டெம்போ காசு தருகிறது.

அந்தக் கல்விச்சாலை இப்போது இல்லை. ஏரி இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளோடு மூலநாதர் கோயில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பஸ் உண்டு. கோயிலுக்குச் சீட்டு கிடையாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும்.