அபராதம் வருவாய் ஆகலாமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரை ஒட்டியிருக்கும் சிற்றூர் புரூக்சைடு. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தால் பிழைத்த ஊர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 1,253 பேர். பெருங்குற்றங்களுக்குப் பேர்போன இடமல்ல. ஆனால் அபராதத்தாலும் பறிமுதலாலும் அந்த ஊர் நிர்வாகத்துக்கு வந்த பணம் இரண்டே ஆண்டுகளில் 640 சதவீதத்துக்கு மேல் பெருகி, 2020-இல் மொத்த வருவாயில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஊரைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையில் வருவோர் போவோரை எல்லாம் காவலர்கள் மடக்கினார்கள். அந்த ஓராண்டில் நடந்த சிறுகுற்றக் கைதுகள் ஊரின் மக்கள்தொகையையே தாண்டின. 2022 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியதும் காவல் தலைவர் பதவி விலகினார். போக்குவரத்து அபராதத்திலிருந்து நகராட்சிகள் எடுத்துக்கொள்ளும் தொகை அவற்றின் பொதுச் செலவுத் திட்டத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே ஆண்டில் அலபாமா சட்டமன்றம் உச்சவரம்பு விதித்தது.

இந்தச் செய்தி எழுப்பும் கேள்வி ஓர் ஊரோடு முடிவதில்லை. குடிமக்களின் தவறுகளை நம்பி ஓர் அரசு தன் செலவுக் கணக்கைப் போடலாமா? கூடாது என்பதே அறத்தின் விடை. தவறு குறைய வேண்டும் என்பதற்காக விதிக்கப்படுவது தண்டனை. தவறு குறைந்தால் கஜானா காலியாகுமே என்று அஞ்சுகிற ஆட்சி, தன் மக்கள் தவறு செய்ய வேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுகிறது. அந்த விருப்பம் உள்ளே நுழைந்தபின் அங்கே நீதி இருப்பதில்லை, வசூல்தான் இருக்கும்.

வசூல் எப்படி நீதியை விழுங்குகிறது என்பதற்கு மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் சாட்சி. செயின்ட் லூயிஸ் நகரத்தின் புறநகரான அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 21,000 பேர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஊர் கொந்தளித்தது. அதன்பின் அந்த ஊரின் காவல் துறையையும் நகராட்சி நீதிமன்றத்தையும் ஆராய்ந்த அமெரிக்க நீதித் துறை, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2010 நிதியாண்டில் சுமார் 13.8 லட்சம் டாலராக இருந்த அபராத, கட்டண வருவாய் 2015-ஆம் நிதியாண்டில் 30.9 லட்சமாக உயரும் என்று நகராட்சி எதிர்பார்த்திருந்தது. பொது நிதியில் அது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. விற்பனை வரி குறைகிறது, ஆகவே அபராதச் சீட்டு (டிக்கெட்) எழுதுவதைக் கூட்ட வேண்டும் என்று நிதி அதிகாரி காவல் தலைவருக்கு எழுதிய மின்னஞ்சலும் அந்த அறிக்கையில் இருக்கிறது. சாலையில் எத்தனை விபத்து, எங்கே ஆபத்து என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் வேலையே இல்லை.

அந்தச் சுமை யார் தோளில் விழுந்தது? ஊரில் கறுப்பின மக்கள் 67 சதவீதம். ஆனால் 2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதம் அவர்கள். டிக்கெட் வாங்கியவர்களில் 90 சதவீதம். கைதானவர்களில் 93 சதவீதம். நிறுத்தப்பட்டபின் வெள்ளையரைவிட இரு மடங்குக்கு மேல் அவர்கள் சோதனையிடப்பட்டார்கள். தடைசெய்யப்பட்ட பொருள் சிக்கியதோ வெள்ளையரிடம் சிக்கியதைவிடக் குறைவு. குற்றத்தைத் தேடிப்போன சட்டம் என்றால் கணக்கு இப்படி விழுந்திருக்காது. எதிர்த்துக் கேட்க முடியாதவரைத் தேடிப்போனதால்தான் இப்படி விழுந்தது.

எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். 2007-இல் ஒருமுறை காரைத் தவறாக நிறுத்தியதற்காக ஒரு பெண்ணுக்கு 151 டாலர் அபராதமும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. வீடில்லாமல் தவித்த நாட்களும் அவர் வாழ்வில் இருந்தன. கட்டத் தவறியதற்கும் வராமல் போனதற்கும் மேலும் மேலும் அபராதம் ஏறியது. இருமுறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலர், 50 டாலர் என்று கையில் இருந்ததைக் கட்ட வந்தபோது, முழுத்தொகை இல்லையென்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 முடியும்போது அவர் கட்டியிருந்தது 550 டாலர். இன்னும் கட்ட வேண்டியதாகச் சொல்லப்பட்டது 541 டாலர். 2013-இல் மட்டும் அந்த நீதிமன்றம் 9,000-க்கும் மேற்பட்ட பிடிவாரண்டுகளைப் பிறப்பித்தது. பெரும்பாலும் இத்தகைய சிறு தவறுகளின் தொடர்ச்சியாக. வசதியுள்ளவருக்கு ஒரு காசோலையோடு முடிகிற தவறு, ஏழைக்கு ஏழாண்டுத் தண்டனையாக நீள்கிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஆட்சியதிகாரத்தைக் காட்டிக் குடிகளிடம் பொருள் கேட்பதை, ஆயுதத்தோடு வழிமறிக்கும் கள்வனின் செயலுக்கு இணையாக வைத்தார் திருவள்ளுவர். தண்டிக்கும்போது ஓங்குவது கடுமையாகவும் விழுவது மென்மையாகவும் இருக்க வேண்டும் என்றார். அளவு மீறிய தண்டனை ஆள்பவனின் வலிமையையே தேய்த்துவிடும் என்றும் எச்சரித்தார். முறையறிந்து வரி கொண்டால் நாடு செழிக்கும், முறையின்றிப் பறித்தால் கொள்பவனும் வாழான், நாடும் வாழாது என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் நேருக்கு நேர் சொன்னதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. தவறாக அபராதம் விதித்த நீதிபதிக்கே தண்டம் விதிக்கச் சொன்னார் கௌடில்யர். இங்கிலாந்தின் 1215-ஆம் ஆண்டு மகா சாசனம், குற்றத்தின் அளவுக்கேற்பவே அபராதம் இருக்க வேண்டும், அது ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்றது. காலமும் நாடும் வேறு. சொன்ன அறம் ஒன்று.

தமிழர் நினைவில் நிற்கும் பெரிய வழக்கு ஒன்று சாலையில் நடந்ததுதான். இளவரசன் ஓட்டிய தேர்க்காலில் ஒரு கன்று மாண்டது. பரிகாரம் செய்து கடந்துவிடலாம் என்று அமைச்சர்கள் சொன்னதை மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை என்கிறது பெரியபுராணம். தன் மகன்மீதே தேரை ஓட்டிய அந்தத் தண்டனையின் கடுமை நமக்கு முன்மாதிரி ஆகாது. முன்மாதிரி ஆகவேண்டியது அதன் திசை. சட்டம் முதலில் அரண்மனையை நோக்கித் திரும்பியது; எளியவரின் மடியை நோக்கி அல்ல. பெரிய இடத்துப் பிள்ளையின் வண்டியை விட்டுவிட்டு, கூலிக்குப் போகிறவரின் வண்டியை மடக்குகிற எந்த ஊரும் இந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்படத் தகுதியற்றது.

இக்காலச் சட்டமும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அபராதத்தில் பங்கு வாங்கும் மேயர் தானே வழக்கை விசாரிப்பது நீதியாகாது என்று 1927-இல் ஓஹையோ வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேயர் விதிக்கும் அபராதம் அவர் பையில் விழாமல் ஊரின் வரவில் சேர்ந்தாலும், ஊரின் நிதி அதை நம்பியிருந்தால் அவர் நடுநிலையாளர் அல்லர் என்று 1972-இல் மன்ரோவில் என்ற ஊரின் வழக்கில் அந்த நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. பணம் கட்ட இயலாமையை மட்டும் காரணமாகக் காட்டிச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1983-இல் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் ஃபெர்குசன் நடந்தது, புரூக்சைடு நடந்தது என்றால், தீர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. அறம் மனத்தில் இல்லாமல் நடந்தது.

சாலையில் சட்டம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவரையும் சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவரையும் தண்டிக்காமல் விட்டால் உயிர்கள் போகும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உயிரைக் காக்க நிற்கும் காவலர் விபத்து நடக்கும் திருப்பத்தில் நிற்பார். பணத்துக்காக நிற்பவர் அதிகம் பேர் சிக்கும் இடத்தில் நிற்பார்.

பணத்துக்காக நிற்பதால் குற்றமும் தப்பிவிடுகிறது. அபராதத்தையும் கட்டணங்களையும் அதிகம் நம்பியிருக்கும் அமெரிக்க நகரங்களில் வன்குற்றங்கள் துப்புத் துலக்கப்படும் விகிதம் குறைவாக இருப்பதை ரெபெக்கா கோல்ட்ஸ்டீன் உள்ளிட்ட மூவரின் ஆய்வு காட்டியது. டிக்கெட் எழுதப் பழகிய கைக்கு, திருட்டையும் கொலையையும் துலக்க நேரமில்லாமல் போகிறது. மக்களும் காவலரைக் கண்டால் விலகுகிறார்கள். விலகிய மக்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. சில்லறைக்காக ஊரின் நம்பிக்கையை விற்பது இதுதான்.

மாற்று வழி தெரியாமல் இல்லை. வட கரோலினா மாநிலத்தின் அரசமைப்பு, சட்ட மீறலுக்கான அபராதத் தொகையைப் பொதுப் பள்ளிகளுக்கு ஒதுக்குகிறது. பிடிப்பவர் கைக்குப் பணம் போகாதபோது பிடிப்பதில் பேராசை இருக்காது. பின்லாந்து 1921 முதலே வருமானத்துக்கேற்ற அபராதத்தை நடைமுறையில் வைத்திருக்கிறது. செல்வந்தருக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவு வலிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இவற்றைச் செய்யப் புதிய தத்துவம் தேவையில்லை. ஆட்சியாளருக்கு மனச்சாட்சி தேவை.

எந்த நாட்டுக் குடிமகனும் தன் ஊர் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கடந்த ஆண்டு எவ்வளவு அபராதம் வசூலானது? அது எந்தக் கணக்கில் சேர்ந்தது? காவலருக்கு மாதத்துக்கு இத்தனை வழக்கு என்று இலக்கு வைக்கப்பட்டதா? வசூல் கூடியபோது விபத்து குறைந்ததா? தமிழ்நாட்டிலும் 2022 அக்டோபரில் போக்குவரத்து அபராதங்கள் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. அவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வாங்கிய அரசு அதற்கு ஈடான கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும். கேட்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. சட்டத்தை மதித்து நடங்கள்; அந்தச் சட்டம் நீதியாக நடக்கிறதா என்று விடாமல் கேளுங்கள். இரண்டும் குடிமக்களின் கடமை.